செவ்வாய்க்கிழமை இயந்திரம்

செவ்வாய்தோறும் பகல் பன்னிரண்டுக்கு
யாரும் கேட்காமல் தானே எழும்.
ஐந்து நிமிடம் உறுமிவிட்டு
பச்சை விளக்கோடு அடங்கிவிடும்.
அந்தச் சத்தத்தை வைத்துத்தான்
சோற்றுக்கு உலை வைப்பேன்.
நாலு வருஷத்தில் அதன் உபயோகம்
அவ்வளவுதான்.

புயல் வந்தது சனி இரவு.
ஞாயிறு விடிந்தபோது
பேயூவின் இந்தக் கரையில்
ஒரு கம்பம்கூட நேராக நிற்கவில்லை.
பச்சை விளக்கு சிவப்பாகியிருந்தது.

ஃப்ரீசரில் அறுபது பவுண்டு இறால்.
மே மாதம் முழுக்க நகக்கண் எரிய எரிய
தலை கிள்ளிக் கழுவி
நானும் வில்மரும் அடுக்கியது.

"பேட்டரிதான்" என்றான் வில்மர்.
எங்கள் வீட்டில் எது நின்றாலும் அவனுக்குப் பேட்டரிதான்.
போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதும்
அதைத்தான் சொன்னான்.
மல்டிமீட்டரை வைத்தேன்.
பன்னிரண்டு புள்ளி ஆறு.
மீட்டர் பழசு என்றான்.
டிரக்கிலிருந்து கேபிள் இழுத்து மாட்டினான்.
சுழன்றது. இருமியது. நின்றது.
ஒரு நிமிடம் விட்டு
மறுபடி சுழன்றது. இருமியது.
பிறகு இருமலும் இல்லை.

கம்பெனிக்குப் போன் போட்டேன்.
தேன் குரலில் ஒரு பெண், பதிவு செய்த பெண்,
உங்களுக்கு முன்னால்
இருநூற்றுப் பதினேழு பேர் என்றாள்.

ஃபியூஸ் உயிரோடு இருந்தது.
பிளக்கைக் கழற்றினால் காய்ந்து சுத்தமாக,
எரிவாயு வாசமே படாத பிளக்.
தொட்டியில் முள் எழுபதில்.
வால்வு திறந்திருந்தது.
திறந்திருக்கிறது என்று மூன்று முறை சொன்னான்,
மூன்று முறையும் திருகிப் பார்த்தேன்.
வெயில் தகரமாய்க் காய்ந்தது.
எதிர்வீட்டு ஒடெஸா வெர்டின்
கூரையில் தார்ப்பாய் அடித்தபடியே
"வெர்லீன், இறாலை இன்றே வேகவைத்துவிடேன்!" என்றாள்.
பதில் சொல்லவில்லை.

மண்டியிட்டேன், சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே.
தொட்டியிலிருந்து வரும் குழாயின் முடிவில்
ரெகுலேட்டர்.
அதன் அடியில் கீழ்நோக்கி ஒரு சிறு வாய்,
மூச்சு விடுவதற்கென்றே வைத்தது.
விரலை வைத்தேன்.
வாய் இல்லை.
மண்.

குளவி.
செவ்வாய்க்கும் சனிக்கும் நடுவில்
வாய்க்கால் சேற்றை உருட்டி உருட்டிக் கொண்டுவந்து
பூசி மெழுகியிருக்கிறாள்.
நெம்பினேன். ஓடாக உடைந்து உள்ளங்கையில் விழுந்தது.
உள்ளே எட்டுச் சிலந்திகள்.
கொட்டக் கொட்டக் குளவியாகும் என்பதெல்லாம் பேச்சு.
எதுவும் குளவியாகவில்லை.
எதுவும் செத்திருக்கவும் இல்லை.
ஒன்று காலை அசைத்தது, லேசாக,
தூக்கத்தில் அசைப்பதுபோல.
பிறக்கப்போகும் ஒரு வாய்க்காக
கெடாமல் அடுக்கிவைத்த இறைச்சி.
கம்பி இல்லை, கம்பெனி இல்லை,
வரிசையில் இருநூற்றுப் பதினேழு பேர் இல்லை.

"என்ன அது?" என்றான் வில்மர்.
"ஃப்ரீசர்" என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை. விளக்கவும் இல்லை.

பொத்தானை அழுத்தினேன்.
சுழன்றது. இருமியது.
பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமைச் சத்தம்
ஒரு ஞாயிற்றுக்கிழமையில்.
சமையலறைக் கடிகாரம் பன்னிரண்டு பன்னிரண்டு என்று
மூடி மூடித் திறந்தது.
வில்மர் டிரக்கிலிருந்து கேபிளைக் கழற்றிக்கொண்டே
"பேட்டரிக்கும் கொஞ்சம் பங்கு உண்டு" என்றான்.
இருக்கட்டும்.

நாலரைக்கு அவள் வந்தாள்.
காலிடுக்கில் இன்னொரு உருண்டை ஈர மண்.
ரெகுலேட்டரைச் சுற்றினாள்,
சுவரைச் சுற்றினாள்,
அதிரும் பெட்டியின் மேல் உட்கார்ந்து எழுந்தாள்.
அதற்குள் அந்த வாய்க்குப் பித்தளை வலை
வைத்துக் கட்டியிருந்தேன்.
மண்ணை இறக்காமல்
வெகுநேரம் அங்கேயே பறந்துகொண்டிருந்தாள்.
நான் உள்ளே போய்
இறாலைத் தொட்டுப் பார்த்தேன்.
கல் மாதிரி இருந்தது.